இருநிறச் சட்டையின் தோற்றம்: மாயாபந்தரை முன்வைத்து ஒரு கட் பீஸ் கோட்பாடு

நட்பையும் ஆடையையும் கையையும் ஒன்றேமுக்கால் அடிக்குள் அடக்கியவர் வள்ளுவர். ஆடை நழுவினால் கை தானாகப் பாய்ந்து பிடிப்பதுபோல் நட்பு உதவ வேண்டும் என்பது 788ஆம் குறளின் கருத்து. ஆனால் அந்த ஆடை ஒரே நிறமா, இரண்டா என்று அங்கே பேச்சே இல்லை. தைக்காத ஆடை என்பதால்தான் நழுவியிருக்கிறது. (ஊசி நூலோடு நண்பன் முன்கூட்டியே வந்திருந்தால் அந்தக் குறளுக்கே வேலை இருந்திராது.) விடுபட்ட இடத்தை நிரப்ப அந்தமானின் மாயாபந்தரைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை நிறுவ முயல்வது இது: நண்பனுக்குக் கையால் தைக்கும் சட்டை இருநிறமாவது ரசனையால் அல்ல, துணி பத்தாததால்.

புவியியலே முதல் சான்று. சென்னையிலிருந்து சுமார் 1,370 கி.மீ. கடல் கடந்து, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கும் சரக்கு, அந்தமான் டிரங்க் ரோட்டில் இன்னும் 240 கி.மீ. போனால்தான் மாயாபந்தர். 36 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) அரைக்கைச் சட்டைக்கு இரண்டேகால் மீட்டராவது வேண்டும். கையிலிருக்கும் நீலக் கட் பீஸோ ஒன்றரை மீட்டர். அதே நீலம் அடுத்த லோடில் வருமா என்று கேட்டால் கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அது நல்ல பதில் அல்ல. எனவே கைகளும் தோள்பட்டையும் மஞ்சளாகின்றன. பிறகு அதற்கு 'டிசைன்' என்று பெயர் வைக்கப்படுகிறது. இரண்டாம் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1925இல் பர்மாவிலிருந்து வந்து வெபி கிராமத்தை அமைத்தவர்கள் கரேன் மக்கள். இடுப்பில் வார் கட்டி நெய்யும் அவர்களுடைய மரபுத் தறியில், நெய்பவரின் கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி வராது. ஆகவே இரண்டு நீளத் துண்டுகளைப் பக்கம்பக்கமாக மடித்துப் போட்டு, தலைக்கும் கைகளுக்கும் இடம் விட்டு இணைத்தால் சட்டை. காலர் கிடையாது, கத்தரிக்கும் வேலையில்லை. நெஞ்சின் நடுவே இறங்கும் அந்த இணைப்பு பார்க்க அலங்காரம். போட்டது தறியின் அகலம்.

1965இல் பாரிசில் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான், மோன்ட்ரியன் ஓவியத்தைப் பார்த்து வண்ணக் கட்டங்களாலேயே கவுன் தைத்தாரே, அவருக்கா துணிப் பஞ்சம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் உடல்வளைவுக்கு வேண்டிய பிடிப்புகளை (டார்ட்) அந்தக் கட்டங்களின் இணைப்புகளுக்குள்தான் அவர் ஒளித்தார். ஒளிக்க ஏதாவது இருந்தால் நிறம் மாறும்: பாரிசில் டார்ட், மாயாபந்தரில் முக்கால் மீட்டர். கோட்பாடு தப்பித்தது. கையால் ஏன், மெஷின் இல்லையா என்பது அடுத்த மறுப்பு. பரிசுச் சட்டைக்கு நண்பனை நிறுத்தி டேப் வைக்க முடியாது. எதிரே அவன் டீ குடிக்கும்போது கண்ணால் எடுத்த அளவுதான். நட்பின் கண் தொப்பையைக் குறைத்தே மதிப்பிடும்; ஆகவே சட்டையை ஒருநாள் பிரித்துப் பெரிதாக்க வேண்டிவரும். மெஷின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் பிரித்து முடிப்பதற்குள் துணி நைந்துவிடும். ஒற்றை நூல் ஓட்டுத் தையலோ, முடிச்சை வெட்டி இழுத்தால் சுலபமாக வந்துவிடும். ஆகவே விலாவில் ஓட்டுத் தையல், இழுவை அதிகமுள்ள தோளிலும் அக்குளிலும் பின்தையல். விலாவைப் பிரிக்கும் நாளில் மஞ்சளும் தீர்ந்திருக்கும். பச்சையில் ஒரு பட்டை கொடுத்தால் சட்டை முந்நிறமாகும், கோட்பாடும் வலுப்பெறும்.

துணி பத்தாததே காரணம் என்றால் யாருக்குத் தைத்தாலும் இருநிறமாகலாமே, நண்பன் எதற்கு என்பதுதான் வலுவான மறுப்பு. காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான். அண்ணன் தம்பி என்றால் பொட்டலத்தைப் பிரித்ததுமே "துணி பத்தலையா?" என்பார்கள். "கலர் காம்பினேஷன் பிரமாதம்டா" என்று மாட்டிக்கொண்டு பஜாருக்குக் கிளம்புகிறவன் நண்பன் ஒருவனே. சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டினால் மட்டும் இந்தச் சலுகை முதல் சலவையோடு காலாவதியாகும். சாயம் இறங்கிய பிறகு அதை டிசைன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே இரண்டு துணிகளையும் தனித்தனியாக ஊறவைத்து அலசிக் காயப்போட வேண்டும். ஜூலையில் மாயாபந்தரில் அவை எப்போது காயும் என்பது தனி ஆய்வுக்குரியது.