கோடை விழாவுக்கு மேடை ரெடி, பூங்காவுக்குச் சாவி இல்லை

கத்திரி தொடங்கும் முன்பே வேலூரில் வெயில் 100 டிகிரியைத் தாண்டிவிடும். தாண்டியதும் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் திறப்பார்கள். திறந்த அன்று தர்பூசணி, வெள்ளரிக்காய், தலைவர் படம் எல்லாம் இருக்கும். மறுவாரம் படம் மட்டும் இருக்கும். இரண்டு, கோடை விடுமுறையை மாணவர்கள் பயனுள்ள வகையில் கழிக்க வேண்டும் என்று அதிகாரிகள் அறிவுரை வழங்குவார்கள். எங்கே போய்க் கழிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பூமியில், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்கு விளையாட அரசு கொடுத்திருக்கிற இடம் எது? நகராட்சிப் பூங்கா. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

எந்த ஊர்ப் பூங்கா என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும். வாசலில் கிரானைட் கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று அமைச்சர் முதல் வார்டு கவுன்சிலர் வரை அத்தனை பெயரும் இருக்கின்றன. செடி நட்டவர் பெயர் இல்லை. நட்டிருந்தால்தானே? பக்கத்தில் இன்னொரு பலகை. காலை 5 முதல் 8 வரை, மாலை 4 முதல் 8 வரை. சர்க்கரை நோயாளிகள் நடப்பதற்கென்றே பார்த்து வைத்த நேரம். விடுமுறைக்குப் பிள்ளை தூங்கி எழுந்து ஓடி வந்தால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. கீழே கூடாதவற்றின் பட்டியல். பந்து விளையாடக் கூடாது. சைக்கிள் கூடாது. புல்வெளியில் அமரக் கூடாது. புல்வெளி எங்கே என்று தேடவும் கூடாதோ என்னவோ. ஆக, பூங்காவில் தடையில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான். கல்வெட்டைப் படிக்கலாம்.

கேட்டின் கம்பி இடுக்கில் எட்டிப் பாருங்கள். இரும்புத் தகட்டில் சறுக்கு மரம். மே மாத மதியத்தில் அதில் உட்காரும் குழந்தை சறுக்காது, அலறும். நிழல் தந்த புங்க மரத்தை ‘அழகுபடுத்தும் பணி’க்காக வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஃபைபரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு காது இல்லை. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவியில் ஒரு பெடல் இருக்கிறது. இன்னொன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீரூற்று திறப்பு விழா அன்று பீய்ச்சியது. லாரித் தண்ணீர். அமைச்சரின் கார் திரும்பியது, மோட்டாரும் நின்றது.

கேட்டால் பராமரிப்புக்கு நிதி இல்லை என்பார்கள். கட்ட நிதி இருந்தது, திறக்க நிதி இருந்தது, தண்ணீர் ஊற்ற மட்டும் நிதி இல்லை. அதிலும் ஒரு நியாயம் உண்டு. கட்டினால் டெண்டர் உண்டு, பில் உண்டு, போட்டோ உண்டு. செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன உண்டு? செடி வளரும். அவ்வளவுதானே.

2016-இல் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. ஊரே மலர்ந்தது. 2022 ஜூன் மாதம் காளிகாம்பாள் கோவில் தெருவில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலேயே இரவோடு இரவாக சிமெண்ட் ரோடு போட்டார்கள். காலையில் பார்த்தால் பைக் நிற்கிறது, சக்கரம் ரோட்டுக்குள் இருக்கிறது. ஆகஸ்டில் சத்துவாச்சாரியில் அடிபம்பையே உள்ளே வைத்துக் கால்வாய்க்கு கான்கிரீட் போட்டார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, அது நம் வரிப்பணம். தெருவைத் தவிர விளையாட இடமில்லாத பிள்ளைகள், நல்லவேளை, அந்த இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொழுதுபோக்கு என்றால் பூங்கா மட்டும்தானா, விழா இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூர் வர்த்தக மையத்தில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. திருப்பதியில் லட்டுக்கு அறிமுக விழா வைப்பது போல! சரி, வைக்கட்டும். கோழி உண்டு, ஆடு உண்டு, மீன்கூட உண்டு. மாடு கிடையாது. பன்றியும் கிடையாது.

இந்த ஊர் எதனால் வாழ்கிறது? தோலால். அந்த வர்த்தக மையத்தில் எதைப் பரப்பி வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள்? தோலைத்தான். மாட்டின் தோலை உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, குரோமில் பதனிட்டு, ஷூவாகத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அந்நியச் செலாவணி. ஏற்றுமதி விருது. மேடையில் சால்வை. அதே மாட்டின் கறி அதே ஊரில் சீரகச் சம்பாவோடு அண்டாவில் வெந்தால் மட்டும் நிர்வாகத்துக்கு வியர்க்கிறது. தோலுக்கு மரியாதை, கறிக்குத் தீட்டு. அந்தத் தோலைச் சுரண்டிக் கழுவுகிற கைகளும் அந்தக் கறியைத் தின்று வளர்ந்த கைகளும் பெரும்பாலும் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். அழைப்பிதழ் அச்சடித்தவர்களுக்கும் தெரியும்.

வெளியே நாங்கள் இலவசமாக மாட்டிறைச்சி பிரியாணி கொடுக்கிறோம் என்று கட்சிகளும் அமைப்புகளும் கிளம்பின. இது பாகுபாடு ஆகாதா என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. நிர்வாகம் அண்ணாந்து பார்த்தது. கனமழை எச்சரிக்கை, விழா தள்ளிவைப்பு. வங்கக் கடலில் அசானி புயல் இருந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சங்கடமான கேள்வி வரும்போதெல்லாம் ஒரு புயலும் வந்து நிற்பது எத்தனை நிர்வாகத்துக்கு வாய்க்கும்?

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்குப் பூங்காவே தேவைப்படவில்லை. பாலாறு இருந்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர். மேலே தண்ணீர் ஓடுகிற நாட்கள் குறைவுதான், ஆனால் மணலைக் கையால் பறித்தாலே ஊற்றுக் கசியும். சாயங்காலம் மணலில் கபடி. கரையோரக் கிணறுகளில் கோடை முழுக்கப் பிள்ளைகள் ‘தொப்’பென்று குதித்துக்கொண்டே இருப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, நேரப் பலகை இல்லை, கல்வெட்டு இல்லை. அதனால்தான் அதைக் காப்பாற்ற ஒருவரும் வரவில்லை போலிருக்கிறது. மணலை லாரிகள் கொண்டுபோயின. மிச்சத்தைத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு எடுத்துக்கொண்டது.

இது என் கோபத்தில் வருகிற கணக்கு அல்ல. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தோல் கழிவு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எழுதிவைத்த கணக்கு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். சுமார் 170 வகை ரசாயனம். தோல் தொழில் பகுதிகளில் ஓரளவோ முழுக்கவோ விவசாயத்துக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயர் தாங்கிய இந்த வழக்கில்தான் படிக்கிறார்கள். மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படியே இங்கே வந்து ஒரு கிணற்றில் ஒரு வாளி மொண்டு குடித்துப் பார்க்கலாம். அன்று ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் விதித்த அபராதம் 10,000 ரூபாய். பிறகு இழப்பீட்டு ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடு, ஆற்றைச் சீர்செய், குழு போடு. குழு! இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

நீர் விளையாட்டு மட்டும் அடியோடு நின்றுவிட்டதாகச் சொன்னால் பாவம். மழைக்காலத்தில் இலவச வாட்டர் தீம் பார்க் உண்டு. வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள். ஆம்பூர் மாராப்பட்டுப் பக்கம் பாலாறு வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். பத்திரிகையில் படம் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாட்டிலில் மாதிரி எடுக்கும். நுரை அடங்கும், விஷயமும் அடங்கும். மலையேற ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேடு இருக்கிறது, ஒரு லட்சம் டன்னுக்கு மேல். 2006-இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. சுற்றுலாத் துறைதான் ஏனோ விளம்பரப்படுத்தவில்லை.

சுற்றுலாத் துறைக்குப் பிடித்தது ஏலகிரி. கோடை விழா, மலர்க் கண்காட்சி, மேடை, மைக். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். முல்லைக் கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு நடந்துபோன பாரியின் வளைவைத் தாண்டி மேலே ஏறினால், வண்டி நிறுத்தக் கட்டணம் கேட்கிறார்கள். அப்புறம் பூங்காவுக்குள் நுழைய, படகில் ஏற. விடியுமுன் கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற அம்மாவுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் துணி துவைக்க வேண்டும், மாவு ஆட்ட வேண்டும். எப்போது ஏலகிரி ஏறுவது? உள்ளூர்ப் பூங்காவுக்குப் போகலாம் என்றால், அவர் சமைத்து நிமிர்வதற்குள் எட்டு மணி. வாட்ச்மேன் விசில் ஊதிவிடுவார்.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நகரைச் சுற்றி எத்தனை ‘நகர்’கள் முளைத்திருக்கின்றன! அந்தப் பத்து சதவீதங்கள் எங்கே? ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, ஒன்றில் பிள்ளையார், ஒன்றில் யாரோ ஒருவரின் கார் ஷெட். வரைபடத்தில் மட்டும் பச்சை வண்ணம் அடித்திருக்கிறது.

எனவே ஆட்சியர்களுக்கும் ஆணையர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்தக் கோடைக்கு விழா வேண்டாம், ஒட்டகச்சிவிங்கி வேண்டாம், நீரூற்றும் வேண்டாம். மே மாதம் முழுக்கப் பூங்காவை இரவு பத்து மணி வரை திறந்து வையுங்கள். குடிக்க ஒரு குழாய், இரண்டு விளக்கு, சறுக்கு மரத்துக்கு மேலே ஒரு கூரை, ஓரத்தில் நான்கு புங்கங்கன்று. கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், மாதச் சம்பளத்தோடு. இதற்கும் திறப்பு விழா இல்லாமல் முடியாது என்றால் தாராளமாக நடத்துங்கள். கல்வெட்டும் வையுங்கள். இன்னும் பெரிதாகவே வையுங்கள், ஒரு பெயரும் விட்டுப்போக வேண்டாம். கேட்டைத் திறந்துவிட்டால் போதும், உங்கள் பெயர்களைப் படித்துக்கொண்டே நாங்கள் காற்று வாங்கிக்கொள்கிறோம்.