கலர் பண்டிதர்

அந்த விமானம் எதிரியைச் சுட்டதா, சுடப்பட்டு விழுந்ததா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். விழும்போது வயிற்றுப் பக்கம் என்ன கலர் அடித்திருந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இங்கிலாந்தில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, தோள்பையில் கலர் அட்டைக் கட்டு. வருஷா வருஷம் நவம்பரில் டெல்ஃபோர்டு நகரில் நடக்கும் மாடல் கண்காட்சிக்குப் போனால் கும்பலாகவே தரிசிக்கலாம். இவர் விமான மாடல் செய்கிறார் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம். மாடல் செய்கிறவன் பெட்டியைப் பிரிப்பான், ஒட்டுவான், பெயின்ட் அடிப்பான், அலமாரியில் வைப்பான். நம்மவர் பெட்டியைப் பிரிப்பார், உள்ளே இருக்கும் கலர் குறிப்பைப் படிப்பார், “தப்பு” என்பார், மூடிவிடுவார். அப்புறம் ஆராய்ச்சிதான். 72-இல் ஒரு பங்கு அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு இறக்கை முனையிலிருந்து முனைக்கு 15.6 சென்டிமீட்டர், ஒரு சாண்கூடத் தேறாது. அதற்காக ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்துக்கும் அவர் செலவழித்த ரயில் கட்டணம் தனிக் கணக்கு.

ஸ்பிட்ஃபயரின் வரிசை எண்ணைப் பார்த்தே ஜாதகம் சொல்வார். இரட்டைப்படையா, ஒற்றைப்படையா? இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பை ஒரு விமானத்துக்கு ஒரு மாதிரியும், அடுத்த எண்ணுக்கு அதையே கண்ணாடியில் பார்த்தாற்போல இடம்வலம் மாற்றியும் அடித்தார்கள். “பெட்டிப் படத்தில் பச்சைத் திட்டு இடது தோளில் இருக்கிறது பார். இந்த எண்ணுக்கு அது வலது தோளில்தான் வரணும்.” சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் இருக்கும். அநியாயத்தைக் கண்டவனின் நடுக்கம்.

அவருடைய வாழ்நாள் வழக்கு மால்டா வழக்கு. 1942 ஏப்ரல் 20-ஆம் தேதி, குண்டுவீச்சில் தவித்துக்கொண்டிருந்த மால்டா தீவுக்காக, வாஸ்ப் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நாற்பதுக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களைக் கொண்டுவந்து நடுக்கடலிலிருந்து பறக்கவிட்டது. மே 9-ஆம் தேதி இன்னொரு நடை. விமானங்களுக்குப் போட்டிருந்ததோ பாலைவன வேஷம்: மேலே மண் பழுப்பும் மணல் மஞ்சளும். கடலுக்கு மேலே பறக்கிறதற்கு மணல் கலர் எதற்கு? யாரோ உத்தரவு போட்டார், யாரோ மேலே வேறு கலர் பூசினார்கள். என்ன கலர் என்று எழுதிவைக்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குண்டு விழுகிற இடத்தில் அது தோன்றாமல் போனதை நான் மன்னித்துவிட்டேன். அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இதில் கட்சிகள் உண்டு. கப்பலில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் நீலச் சாம்பலைத்தான் அள்ளிப் பூசினார்கள் என்பது ஒரு கட்சி. இல்லை, பிரிட்டிஷ்காரரின் அடர் கடற்சாம்பல் என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்தார்கள் என்று ஒரு சமரசக் கட்சியும் உண்டு. அதை மற்ற இருவரும் சேர்ந்து வெறுக்கிறார்கள். பூசியது கப்பலிலா, கப்பலேறும் முன்பா என்பது கிளை வழக்கு.

போட்டோவைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு, ஒரு சாயங்காலம் போயிற்று. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை பிலிமில் ஒரு வகைக்குச் சிவப்பே தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். ஆகவே படத்தில் இருட்டாகத் தெரிவது வெளிச்சமாக இருந்திருக்கலாம், வெளிச்சம் இருட்டாக. பிலிம் எது, வடிகட்டி போட்டார்களா, அன்று வெயிலா மேகமா, எல்லாம் தெரிந்தால்தான் படம் சாட்சி சொல்லும். சரி, நேரில் பார்த்தவர்கள்? தரைப்பணியில் இருந்த கிழவர்கள் உயிரோடிருந்த காலத்தில் இவர் விடாமல் தேடிப் போனவர்தான். “நீலம்தான் தம்பி, என் கையால அடிச்சேன்” என்று ஒருவர் சொன்னாராம். “மனித ஞாபகம் நம்பத்தக்கதல்ல” என்று அவருக்கே விளக்கிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

மால்டா அலுத்தால் மற்ற போர்முனைகள் இருக்கின்றன. ஜப்பானிய ஜீரோ விமானம் வெளிர் சாம்பலா, பாகு நிறமா? ஜெர்மன்காரர்களின் 83-ஆம் எண் கலர், பல பத்தாண்டுகளாகப் பச்சை என்று எல்லாரும் பூசியது. அது நீலம் என்று ஒரு தரப்பு கிளம்பியிருக்கிறது. 1940 ஜூனில் அடிவயிற்றுக்கு ‘ஸ்கை’ என்ற இளம்பச்சை கலந்த கலரை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது பெயின்ட் போதாமல், கிடைத்ததைக் கலந்து அடித்த தளங்களும் உண்டு. அந்தக் கோடையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் படைப்பிரிவுக்குச் சென்னை மாகாணத்தின் பெயர் உண்டு, நன்கொடைக்கு நன்றியாக. நம் பாட்டன்மார் கொடுத்த காசும் அந்தக் குழப்பத்தில் கரைந்திருக்கிறது என்று எனக்கொரு பெருமை.

ஒரே ஒரு முறை அவர் மாடலை முடித்துப் பார்த்தேன். 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன், சொந்தக்காரனே சுட்டுவிடாமலிருக்க நேச நாட்டு விமானங்களுக்கு வெள்ளைக் கறுப்புப் பட்டைகள் போடச் சொன்னார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டைக்கு 18 அங்குல அகலம். நேரமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கைக்குக் கிடைத்த பிரஷ்ஷால் இழுத்துவிட்டார்கள், கோணல் மாணலாக. மாடலில் அந்தப் பட்டை ஆறு மில்லிமீட்டர் சொச்சம். பண்டிதர் போட்டோவைப் பெரிதாக்கி, எந்தப் பட்டை எங்கே வளைகிறது, எங்கே சொட்டு வழிகிறது என்று அளந்து, மூன்று மயிர் பிரஷ்ஷால் ஒவ்வொரு கோணலையும் பிசகாமல் கோணலாக்கினார். எவனோ ஒரு மெக்கானிக் தூக்கக் கலக்கத்தில் ஐந்து நிமிஷத்தில் செய்த வேலை. இவருக்குக் குளிர்காலம் பூராவும் பிடித்தது. பார்க்க அசிங்கமாக, அற்புதமாக இருந்தது.

அவர் மனைவி சமையலறைச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டபோது, “ஏதாவது வெளிர் கலர்” என்றாராம். அந்தம்மாள் இதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவருக்கு விடை வேண்டும் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. நாளைக்கே ஏதாவதொரு பரணிலிருந்து சந்தேகத்துக்கிடமில்லாத ஒரு கலர் ஸ்லைடு கிடைத்துவிட்டால், முதலில் அதன் சாயம் மங்கியிருக்கிறது என்று சொல்லப்போகிறவர் இவர்தான். அப்படிச் சொல்ல முடியாமல் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார்? ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் எதிர்க்கட்சிக்காரர், கடற்சாம்பல்காரர். முப்பது வருஷமாக வருகிறார். ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

அந்தக் கடற்சாம்பல்காரருக்குப் போன மாசம் இதய அறுவை சிகிச்சை. பண்டிதர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கையில் பழமும் இல்லை, பூவும் இல்லை. ஒரு போட்டோ நகல். “வாஸ்ப் மேல்தளம், இதுவரை நீ பார்க்காத கோணம்” என்று கட்டில் மேல் வைத்தார்.

மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

“வட்டச் சின்னத்து நடுச் சிவப்பு கறுப்பாக விழுந்திருக்கு,” என்றார். “இந்த பிலிமை வச்சா என்கிட்ட வாதாட வந்தே?”