கோட்டுக்கு வெளியே ஒரு கோச்சு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் எந்த டீக்கடைக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு கபடிக் கோச்சு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் விசில் இருக்காது, டிராக் சூட்டும் இருக்காது. கைலி, தோளில் ஒரு துண்டு, கையில் ஆறிப்போன டீ. புரோ கபடியில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியில் சம்பளம் வாங்கும் கோச்சுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பளம் வாங்காத கோச்சுகள் இந்தக் கரிசல் காட்டில் பெஞ்சுக்கு ஒருவர் தேறுவார். அத்தனை பேரையும் சேர்த்து ஒரே ஆளாக்கி, மரியாதைக்கு அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணாச்சியின் தகுதியில் யாருக்காவது சந்தேகம் வந்தால் கைலியை முழங்காலுக்கு மேலே ஏற்றுவார். அங்கே ஒரு தழும்பு இருக்கும். பங்குனிப் பொங்கலுக்கு ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடிய ஆட்டத்தில் வாங்கியது. “மெத்தையில ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாய்யா? கரிசக்கட்டி மேல விழுந்து எந்திரிச்சுப் பாரு, தெரியும்” என்பார். அன்றைக்குத் தன்னைப் பிடித்துக் கீழே போட்டவன் எந்த ஊர்க்காரன் என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் குழப்பம். பந்தல்குடி ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் நரிக்குடிக்காரன். நரிக்குடி ஆள் உட்கார்ந்திருந்தால் அவன் பந்தல்குடிக்காரன்.

தலைவாஸ் மேல் அவருக்கு இருப்பது ஒரே ஒரு குற்றச்சாட்டு. பையன்களைக் குறை சொல்லமாட்டார். “பயலுக தங்கமானவிங்க. கோச்சுதான் ஒரே பாட்ட வச்சுக்கிட்டு ஓட்டுறாரு. எதிராளிக்கு நம்ம பிளான் மனப்பாடம்யா.” அந்தப் பிளானை அவரே விளக்குவார். முதல் ரெய்டு சும்மா போய் வருவது. இரண்டாவதும் சும்மா. மூன்றாவது ரெய்டில்தான் தொடப் போவது. அதற்கும் போகிறவன் எப்போதும் அதே ஆள்.

ஆட்டத்தின் சட்டம் தெரிந்தவர்களுக்கு இங்கேதான் லேசாகச் சிரிப்பு வரும். புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. புள்ளி எடுத்தே ஆகவேண்டும். எடுக்காமல் வந்தால் ரெய்டர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆக மூன்றாவது ரெய்டில் ஒருவன் தொடப் போவான் என்பது ரகசியத் திட்டமல்ல, அச்சடித்த விதி. டிவி திரையில் அது எழுத்தாகவே ஓடும். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துவார். அப்படிப்பட்ட நேரத்தில்தான் அண்ணாச்சி டீயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு ஜோசியம் சொல்வார்.

“இப்ப பாருங்க. இந்த ரெய்டுல இவன் தொடத்தான் போவான்.”

போவான். கடையே திரும்பி அண்ணாச்சியைப் பார்க்கும்.

“சொன்னேன்ல?”

இரண்டு சும்மா ரெய்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. முன்னணியில் இருக்கும் அணி அந்த முப்பதை முழுசாகத் தின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தால் கடிகாரம் அதற்காக உழைக்கிறது. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சியிருக்கும் அணி, எதிராளியின் மூன்றாவது ரெய்டுக்காகக் கொக்குபோலக் காத்திருக்கும். அப்போது அவனைப் பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு புள்ளி. டவுன் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன் இதையெல்லாம் அண்ணாச்சியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவர் முழுசும் கேட்டுவிட்டு, “அதத்தான் தம்பி நானும் சொல்றேன். எல்லாத்துக்கும் தெரிஞ்ச கணக்கு. தெரிஞ்ச கணக்க எதுக்குய்யா போடுறாரு?” என்றார். பையன் பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போனான். பஸ் வரவில்லை.

தறிக்காரர் ஒருவர், பாவு முடித்துவிட்டு வந்தவர், நடுவில் புகுந்து சொன்னதுதான் அன்றைக்கு எடுபட்டது. “நாடா போயிட்டுப் போயிட்டு வந்தாலாச்சும் சேல வளருதுண்ணே. இவிங்க போயிட்டு வந்தா என்னத்த வளருது?” சொன்னது தறிக்காரர். மறுநாள் மற்ற கடைகளில் அதைத் தன் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டவர் அண்ணாச்சி.

வாயால் சொல்லி விளங்காது என்று தோன்றினால் பெஞ்சிலேயே களம் அமைத்துவிடுவார். எதிரணிக்கு ஏழு காலி டீ கிளாஸ். போனஸ் கோட்டுக்கு ஒரு பீடிக்கட்டு. காரச்சேவுப் பொட்டலம் நம்ம ரெய்டர். பொட்டலத்தை வலது கார்னர் கிளாஸ் பக்கமாக நகர்த்தி, சட்டென்று இழுத்து, இடது கவருக்குப் போவதுபோல் ஒரு பாவலா காட்டி, “இங்க காலப் போட்டான்னா ரெண்டு பேரு காலி. இது ஏன் அந்தாளுக்குத் தோணல?” என்பார். ஆட்டம் சூடாகிற நேரமாகப் பார்த்து மாஸ்டர் வந்து, அடுத்த ஆளுக்கு டீ ஆற்ற நாலு கிளாஸை அள்ளிக்கொண்டு போய்விடுவார். அண்ணாச்சி அசரமாட்டார். “சரி, இப்ப எதிராளி மூணு பேரு. இனி நம்மாளப் புடிச்சா சூப்பர் டேக்கிள். சூதானமா ஏறணும்.” விளக்கம் முடிவதற்குள் ரெய்டரையும் பக்கத்தில் இருந்தவர்கள் தின்று தீர்த்திருப்பார்கள்.

அண்ணாச்சியின் இந்தக் கோபத்துக்கு வரலாறு உண்டு. தலைவாஸ் 2017-ல் களமிறங்கியபோது உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன், கேப்டன் அஜய் தாக்கூர். முந்தைய வருடம்தான் அகமதாபாத்தில் ஈரானை 38–29 என்று சாய்த்து இந்தியா உலகக் கோப்பையைத் தூக்கியிருந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் அஜய் மட்டும் 12 புள்ளி. அப்படிப்பட்டவன் நம்ம அணிக்கு வந்திருக்கிறான். கோச்சு அவனை அனுப்பினார், மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் அவனையே அனுப்பினார். “ஒருத்தனையே எத்தன தடவய்யா அனுப்புவ? அவனும் மனுசன்தானே? மத்தவிங்க என்ன, வேடிக்க பாக்கவா வந்தாங்கெ?” என்று அண்ணாச்சி தொடங்கியது அந்த வருடம்தான். முதல் இரண்டு சீசனும் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி. 2019-ல் பிரிவே இல்லாமல் பன்னிரண்டு அணிகளும் ஒரே பட்டியலில் நின்றன. அந்தப் பட்டியலிலும் கடைசி. அண்ணாச்சி சொன்ன வாக்கு பொய்க்கவே இல்லை. ரோட்டில் அவருக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

அந்த மதிப்புக்குச் சோதனையாக வந்தது 2022. ஏலத்தில் ரெய்டர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். “போச்சு. மறுபடியும் ஒத்தக் காள வண்டி” என்றார் அண்ணாச்சி. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்கால் போயிற்று. அந்த சீசனுக்கு அவ்வளவுதான். ஊரே வருத்தப்பட்டது. அண்ணாச்சியும் வருத்தப்பட்டார், ஆனால் வருத்தப்படுகிறவர் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கி வருத்தப்படமாட்டார். அப்புறம் நடந்ததுதான் அவர் எதிர்பாராதது. கோச்சு பொறுப்பு நடுவில் கைமாறி அஷன் குமாரிடம் வந்தது. நரேந்தர் என்று ஒரு சின்னப் பையன் அந்த சீசன் முழுக்க 243 ரெய்டு புள்ளியை அள்ளினான். தலைவாஸ் ஜெயிக்க ஆரம்பித்தது.

அந்த நாட்களில் அண்ணாச்சியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டீ குடித்தார், காசு கொடுத்தார், கிளம்பினார். “என்ன அண்ணாச்சி, நம்ம டீம் போட்டுத் தாக்குறாங்கெ போல?” என்று கேட்டால், “ம்ம்… பாப்போம்” என்பார். நம்முடைய அணி தோற்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தான் சொன்னது பலிக்கவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார். அஞ்சு வருடமாக இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டதால், எது எதுவென்று பிரித்துப் பார்க்க அவருக்கு வேலையே வரவில்லை.

டிசம்பரில் எலிமினேட்டர். யூபி யோத்தாஸுடன் 36–36 சமம். டை பிரேக்கர் வந்தது. அதன் விதி என்ன தெரியுமா? ஒவ்வோர் அணிக்கும் அஞ்சு ரெய்டு. அஞ்சுக்கும் அஞ்சு வேறு வேறு ஆட்கள் போகவேண்டும். கேட்டதும் அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். “பாத்தியாய்யா! நாஞ் சொன்னத ரூலாவே போட்டு வச்சிருக்கான்!” தலைவாஸ் 6–4 என்று ஜெயித்து முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ அண்ணாச்சி கணக்கு. அது நோட்டில் எழுதிய கணக்கு என்பதை மாஸ்டர்தான் பிற்பாடு சொன்னார்.

அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அண்ணாச்சி பழைய குரலுக்குத் திரும்பினார். காரணம்? “அஞ்சு பேர அனுப்பி ஜெயிச்சாங்கெ. திரும்பவும் ஒருத்தனையே நம்புனாங்கெ. நாம சொல்லி யாரு கேக்குறா?”

காலேஜ் பையன் ஒருநாள் வேறு வழியில் மடக்கப் பார்த்தான். அவனுக்குக் கால்பந்துப் பித்து உண்டு. நெதர்லாந்தில் ஆர்யன் ராபன் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். வலது ஓரமாகவே வருவார், உள்பக்கமாக வெட்டுவார், இடது காலால் அடிப்பார். வருடக்கணக்கில் இதே வித்தைதான். தடுக்க நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் கோல் விழுந்துகொண்டே இருந்தது. “அப்ப தெரிஞ்ச பிளானா இருக்கிறது தப்பில்லையே அண்ணாச்சி? தெரிஞ்சும் புடிக்க முடியாம ஆடணும், அவ்வளவுதானே?” என்றான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். கடை முழுக்க ஆவலாகக் காத்திருந்தது. “தம்பி,” என்றார், “அவன் கபடி ஆடல.”

பாஸ்கரன் என்ற பெயரில் இருவர், உதயகுமார், அஷன் குமார், மறுபடியும் உதயகுமார், அவரோடு சேரலாதன் என்று தலைவாஸில் கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். 2024-க்கு சச்சின் தன்வாரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தும் பிளே ஆஃப் எட்டவில்லை. தோற்றால் கோச்சை மாற்றுகிறார்கள். அண்ணாச்சியை யார் மாற்றுவது? சம்பளம் வாங்குகிறவரைத்தானே வேலையை விட்டுத் தூக்கமுடியும்!

போன வாரம் தறிக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் இதை யாருமே கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

“அது கெடக்கட்டும்ணே. நாளைக்கே உங்களக் கோச்சாப் போட்டுட்டாங்கன்னு வைங்க. மூணாவது ரெய்டு. யார அனுப்புவீங்க?”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கிளாஸ்களைப் பார்த்தார். மாஸ்டர் நல்லவேளையாக எதையும் எடுக்கவில்லை. ஏழும் இருந்தன.

“இப்ப இருக்குற பயலுகள்ள எவன்யா இருக்கான்? அப்பல்லாம் அஜய் தாக்கூர்னு ஒருத்தன் இருந்தான் பாரு. மனுசன் தவளையாட்டம் ஒரு தாவு தாவுவான், நாலு பேரு தலைக்கு மேல. அவன் ஒருத்தன் இருந்தாப் போதும்யா, கண்ண மூடிக்கிட்டு அவனையே அனுப்பலாம்.”