ஆறே படிகளில் ஒயின் நிபுணர் (பஜ்ஜி தனி)

ஐப்பசி மழை புதுச்சேரிக்கு வரும்போதெல்லாம் பாரீஸிலிருந்து என் மச்சினனும் வந்துவிடுவான். இந்த வருடம் பெட்டியில் இரண்டு பாட்டில்: ஒரு ஷாம்பெயின், ஒரு போர்தோ சிவப்பு. சுங்கத்தில் தலைக்கு 2 லிட்டர்தான் விடுவார்கள் என்பதால் மூன்றாவதை, நாசிக்கில் விளைந்த சோவின்யோன் பிளாங்கை, இங்கேயே வாங்கினோம். அடுப்படியில் அத்தை கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மாலைப் பயிற்சியைக் கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தகுதி போதுமா என்று கேட்பவர்களுக்கு: ஒயினில் என்னை மிஞ்ச ஆயிரம் பேர் உண்டு. பஜ்ஜியில் வரச்சொல்லுங்கள், பார்க்கலாம்.

படி 1: வரலாறு சொல்லிக் கூட்டத்தை அடக்கவும்

பாட்டிலைத் திறக்குமுன் பழங்கதை பேசுவது நிபுணர் மரபு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபம். ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கப்பலேறி வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்தச் சாடிகளில் சிலவற்றில் ஒயின் வந்தது, சிலவற்றில் ஆலிவ் எண்ணெய் வந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியனுக்கு மகளிர் ஊற்றிக் கொடுப்பதைப் புறநானூறும் பாடுகிறது. ஆக, ஒயினும் இருந்திருக்கிறது, எண்ணெயும் இருந்திருக்கிறது. மிளகாய் பஜ்ஜிதான் இல்லை. மிளகாயே போர்ச்சுகீசியர் கையோடு 16-ஆம் நூற்றாண்டில்தான் நம் கரை சேர்ந்தது. பாண்டியன் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் ஈடு பஜ்ஜி ஆறிவிடும். கவலை வேண்டாம், அடுத்த ஈடு வரும்.

படி 2: காலைப் பிடிக்கவும்

கிளாஸின் காலைச் சொல்கிறேன். மேலே பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும் என்பார்கள். பஜ்ஜி தின்ற கைக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஐந்து விரல் ரேகையும் எண்ணெயில் அச்சாகப் பதியும், யார் கிளாஸ் என்று கண்டுபிடிக்க மோப்ப நாய் தேவைப்படாது. காலைப் பிடித்துக் காரியம் சாதித்துப் பழகியவர்களுக்கு இந்தப் படி தானாக வரும்.

பிறகு வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்த தாளெல்லாம் பஜ்ஜிக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்ததால் நாங்கள் என் வேட்டி நுனியை வைத்துப் பார்த்தோம். இரண்டாம் ஈடும் ஆறியது.

படி 3: மூக்கை நுழைக்கவும்

சுழற்றி, மோந்து, ஏதாவது பெயர் சொல்லவும். முதிர்ந்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்றால் அது புகார் இல்லை, பாராட்டு. சோவின்யோன் பிளாங்கில் குடைமிளகாய் வாசம் வரும். அந்த ஒயினிலும் குடைமிளகாயிலும் பைரசீன் வகைச் சேர்மம் இருக்கிறது.

“பச்ச மிளகா வாசம் வருதா மாமா?” என்றான் மச்சினன், கண்ணை மூடிக்கொண்டு.

“வருது. அடுப்படியிலேர்ந்து.”

ஓமமும் எண்ணெய்ப் புகையும் கூடத்தில் சுற்றும்போது மூக்கை நம்பக் கூடாது. கண்ணை நம்புவது அதைவிட மோசம். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரெடெரிக் புரோஷே குழுவினர், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களாகவே மாணவர்கள் எழுதித் தள்ளினார்கள். ஆகவே துணிந்து சொல்லுங்கள். நான் “மழையில் நனைந்த திண்ணை” என்றேன். மச்சினன் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

படி 4: துப்பவும்

வாய் முழுக்க உருட்டிவிட்டுத் துப்புவது தொழில்முறைச் சுவைஞர்களின் ஒழுக்கம். ஒரே நாளில் டஜன் கணக்கில் சுவைப்பவர்களுக்கு வேறு வழியில்லை. பரணில் கிடந்த தாத்தாவின் பித்தளைப் படிக்கம் கீழே இறங்கியது. வெற்றிலை போட்ட பரம்பரைக்கு இந்தக் கலை ரத்தத்திலேயே இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். “காசு குடுத்து வாங்கினதத் துப்புறீங்களா மாப்பிள்ள?” என்றவர், ஜல்லிக்கரண்டியோடு திரும்பும்போது, “பஜ்ஜிக்கும் இதே கதிதானா?” என்றார். அதற்குப் பிறகு யாரும் துப்பவில்லை.

படி 5: பொருத்தம் பார்க்கவும்

வாழைக்காய் பஜ்ஜி, ஷாம்பெயின்: உத்தமம். எண்ணெய் நாக்கில் பூசும் பிசுக்கை ஒயினின் புளிப்பும் நுரையும் வழித்தெடுத்துவிடும். பாட்டிலுக்குள் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. கார்க்கை மாமியார் பக்கம் திருப்ப வேண்டாம்.

வெங்காய பஜ்ஜி, சோவின்யோன் பிளாங்: மத்திமம். எலுமிச்சம்பழம் பிழிந்த வேலையைச் செய்யும். தேங்காய்ச் சட்னி நடுவில் புகுந்தால் ஒயின் வாயே திறக்காது. கூட்டுக் குடும்பத்துக்கு ஆகாத ஜாதகம்.

மிளகாய் பஜ்ஜி, போர்தோ சிவப்பு: செவ்வாய் தோஷம். ஒயின் கையேடுகள் டானினை விளக்கப் பக்கம் பக்கமாகப் பாடுபடும். நமக்கு ஒரு சொல் போதும்: துவர்ப்பு. பாக்கு மென்றவருக்குப் பாடம் வேண்டாம். துவர்ப்பு வாயை உலர்த்தும். காரத்தை உணரும் நரம்புகளை ஆல்கஹால் வேறு உசுப்பிவிடும். ஒரு மிடறு உள்ளே போனதும் மச்சினன் பிரெஞ்சில் என்னவோ சொன்னான், பிறகு தமிழில் தண்ணீர் கேட்டான். தண்ணீருக்கு அடங்கவில்லை, அத்தை கொடுத்த மோருக்கு அடங்கியது. பரிகாரம்: ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கிற மோசெல் ரீஸ்லிங். கிடைக்காவிட்டால் மோர்.

படி 6: கடிகாரம் பார்க்கவும்

எந்தக் கையேடும் சொல்லாத படி இது. சிவப்பு ஒயின் திறந்து அரை மணி நேரம் மூச்சு விட வேண்டும் என்று மச்சினன் காவல் காத்தான். அந்த அரை மணியில் நான்கு ஈடு பஜ்ஜி வந்து போயிற்று. கடைசியில் ஒயினுக்கு வாய்த்தது, தினத்தாளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை மிளகாய் பஜ்ஜி. உள்ளே இருக்கும் காயின் ஆவி ஏறி ஏறி, பஜ்ஜியின் மொறுமொறுப்பு ஐந்தாறு நிமிடத்தில் நமுத்துவிடும். நல்ல போர்தோவோ பாட்டிலுக்குள் இருபது வருடம் பொறுமையாகப் படுத்திருக்கும். பொறுமைசாலியைக் குளிப்பாட்டி அலங்கரித்துக்கொண்டு அவசரக்காரனை வாசலில் நிறுத்திவைத்தோம்.

எனவே விதி ஒன்றுதான்: ஒயினைத் திறந்து வைத்துவிட்டு மாவைக் கரையுங்கள். மாவைக் கரைத்துவிட்டு ஒயினைத் திறக்காதீர்கள்.

மச்சினன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். ஷாம்பெயின் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அத்தை நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். இன்னும் இரண்டாயிரம் வருடம் கழித்து எங்கள் வீட்டு மனையை யாராவது தோண்டினால், உடைந்த பாட்டிலில் வந்தது ஒயினா எண்ணெயா என்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டும்தான். இந்த முறை பக்கத்திலேயே வாணலியும் கிடைக்கும்.