குவியின் சந்தை மதிப்பு

போன வாரம் மூணாறு பக்கம் சித்திரபுரம் டீக்கடையில் என் நாய்க்கு விலை கேட்டார்கள். வாங்குவதற்கு அல்ல, காப்பீடு செய்வதற்கு.

ஏஜென்ட் தம்பி நல்ல பிள்ளை. கையில் படிவம், வாயில் பணிவு. "மனுசனுக்கே பாலிசி இருக்கும்போது வாயில்லா ஜீவனுக்கு வேணாமா சார்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பேனாவைத் திறந்தார்.

"என்ன இனம் சார்?"

நாட்டு நாய்.

"தாய், தகப்பன்?"

தாய் கறிக்கடை வாசலில் கிடப்பாள். தகப்பனைப் பற்றி அவள் இதுவரை வாய் திறந்ததில்லை.

"வாங்கின விலை?"

அரை பன்.

"சந்தை மதிப்பு?"

அரை பன்னில் பாதியை அதுவே அப்போதே தின்றுவிட்டதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பி பேனாவை மூடினார். "நாட்டு நாயையும் இப்ப சேர்க்கிறாங்க சார். ஆனா செத்தா எவ்வளவு தரணும்னு எழுத ஒரு மதிப்பு வேணும்ல?"

விஷயம் அவ்வளவுதான். நாய்க் காப்பீடு என்பது நாயைக் காப்பதல்ல, நாய்க்குப் போட்ட பணத்தைக் காப்பது. அறுபதாயிரம் கொடுத்து லாப்ரடார் வாங்கிய ரிசார்ட்காரர் எடுக்கட்டும், அவருக்குக் கணக்கு கட்டும். எனக்கு? பிரீமியம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பாலிசி எடுத்ததும் காத்திருப்புக் காலம், தடுப்பூசிச் சீட்டு இல்லையென்றால் பணம் இல்லை, ஏற்கெனவே இருந்த நோய்க்கு இல்லை, வயது கடந்தால் புதுப்பிப்பதும் இல்லை. இத்தனை 'இல்லை'களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டும்.

பக்கத்து பெஞ்சில் எஸ்டேட்டில் ஆயுள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய பாட்டி ஒருவர் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, மண்ணு சரிஞ்சு செத்தா நாய்க்குப் பணம் உண்டா?"

"இயற்கைச் சேதம்னா உண்டு பாட்டி. ஆனா ஓனர் அசட்டையா வச்சிருந்தா கிடைக்காது. இடியப்போற செவுத்துக்கு அடியில கட்டிப்போட்டா கம்பெனி ஏன்னு கேட்கும்."

பாட்டி அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. இந்த மலையில் அந்தக் கேள்வியை எந்த ஊரை நினைத்துக்கொண்டு கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

2020 ஆகஸ்ட் 6, இரவு. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. மேலிருந்து மலை இறங்கித் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் படுத்துக்கொண்டது. 70 பேர் போனார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. சேதி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று. பெரும்பாலும் தமிழர்கள். கயத்தாறுப் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் பல.

அங்கே ஒரு நாய் இருந்தது. பேர் குவி. நாட்டு நாய்தான். தீயணைப்புப் படை, பேரிடர் மீட்புப் படை, பயிற்சி பெற்ற போலீஸ் நாய்கள் எல்லாம் வந்து மண்ணைப் புரட்டிக்கொண்டிருக்க, இது தன் வீட்டு இரண்டு வயதுக் குழந்தையைத் தானே தேடி அலைந்தது. எட்டாம் நாள், பல கிலோமீட்டர் கீழே, ஆற்றைப் பார்த்தபடி நின்றது. நகரவில்லை. அது பார்த்த இடத்தில், மரத்தில் சிக்கிக் குழந்தையின் உடல் கிடந்தது.

இப்போது சொல்லுங்கள், படிவத்தில் குவியின் சந்தை மதிப்பு என்ன எழுதுவது?

குவிக்கு ஒரு நல்லது நடந்தது. இடுக்கி போலீஸ் நாய்ப்படை அதை எடுத்து வளர்த்தது. சில மாதம் கழித்து, அந்தக் குழந்தையின் குடும்பத்தில் மிஞ்சிய பாட்டியிடம் திரும்பக் கொடுத்தது. செய்தவர்கள் நல்லவர்கள், நான் குறை சொல்லவில்லை. நாய்க்கு விலை போடத் தெரியாத மாநிலம், மனிதருக்குப் போட்ட விலையைத்தான் சொல்ல வருகிறேன்.

பெட்டிமுடியில் இறந்தவர் ஒருவருக்கு கேரள அரசு அறிவித்தது 5 லட்சம். மண் சரிந்த மறுநாள், ஆகஸ்ட் 7 மாலை, துபாயிலிருந்து வந்த விமானம் கரிப்பூரில் ஓடுபாதை தாண்டி விழுந்தது. அங்கே இறந்தவர் ஒருவருக்கு அதே அரசு அறிவித்தது 10 லட்சம். அதே வாரம், அதே மழை, அதே கஜானா. முதல்வர் கரிப்பூருக்குப் போனது ஆகஸ்ட் 8. பெட்டிமுடிக்கு வந்தது 13.

விமானத்தில் போனவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று சொல்ல நான் கல்நெஞ்சன் இல்லை. அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு வளைகுடா போன ஏழைபாழைகள்தான். எனக்குப் புரியாதது அந்தப் பாதிக் கணக்கு. கேட்டபோது, 5 லட்சம் முதற்கட்டம்தான் என்று விளக்கம் வந்தது. கட்டம் கட்டமாகச் செத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். எங்கள் சனங்கள் அவசரப்பட்டு ஒரே ராத்திரியில் செத்துவிட்டார்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. சர்வதேச விமானத்தில் ஏறுகிறவர் உயிருக்கு, இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கை வரை போய்ப் பொறுப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அவரிடம் டிக்கெட் இருக்கிறது, டிக்கெட்டில் விலை இருக்கிறது. லயத்தில் படுத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? வீடு அவருடையதல்ல, நிலம் அவருடையதல்ல. சட்டப்படி வேலை இருக்கும்வரை கூரை உண்டு. ரிட்டயரானால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். நாய்க்கு வயதானால் பாலிசிதான் நிற்கும், வீட்டைவிட்டு யாரும் துரத்துவதில்லை.

நாய் விஷயத்தில் 'ஓனர் அசட்டையா?' என்று கேட்கக் கம்பெனிக்காவது அக்கறை உண்டு. மலையடிவாரத்தில் மனிதரைக் குடிவைத்த கதையில் அந்தக் கேள்வி யார் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்காரவில்லை. மழை வந்தது, மலை வந்தது, இயற்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இயற்கைக்கு ஏது சம்மன்?

2015இல் மூணாறு தோட்டப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து போனஸும் கூலியும் கேட்டபோது நாளொன்றுக்கு அவர்கள் வாங்கியது 232 ரூபாய். 'பெண்கள் ஒற்றுமை' என்று அன்று ஊர் முழுக்கப் பாராட்டு. மனிதரின் சந்தை மதிப்பை அவர்கள் அப்போதே சத்தம்போட்டுச் சொல்லிவிட்டார்கள். காது கொடுத்தவர்கள் குறித்துக்கொண்டது போனஸை மட்டும்தான்.

என் நாய்க்குப் பாலிசி எடுக்கவில்லை. ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறேன், மாதம் 200 ரூபாயை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். நாட்டு நாய்க்கு அது போதும்.

படிவத்தை மட்டும் தம்பியிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். சந்தை மதிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. ஜூன் வந்தால் மழை பிடிக்கும், லயங்கள் இன்னும் மலைக்குக் கீழேதான் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன். தொகையை இப்போதே எழுதிவிட்டால் அப்புறம் முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று அவர்களுக்கும் சிரமம் இருக்காது.