லெங்லூய்ப் பருவம்: ஒரு சுங்கை பூலோ ஆய்வு

வீட்டுத் தலைவியை லத்தீனில் 'தோமினா' என்பார்கள். அதன் செல்லக் குறுக்கம் பிரெஞ்சில் 'தெமுவாசெல்' ஆகி, ஆங்கிலத்தில் 'டாம்சல்' ஆகி, இன்று ராஜா ராணிக் கதைகளில் மட்டும் உயிர் வாழ்கிறது. பிரான்சிலோ அரசாங்கப் பாரங்களில் 'மத்முவாசெல்' கூடாதென்று 2012இல் பிரதமரே சுற்றறிக்கை விட்டார். உலகில் கன்னியர் குலம் அருகிவிட்டதென அறிஞர் முடிவுகட்டக்கூடும். அவர்கள் சுங்கை பூலோ பக்கம் வந்ததில்லை.

ஆய்வுக் களம், 1930இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பை ஒட்டிய பூச்செடிக் கடைகள். குணமானவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய தொழில் இது. இங்குள்ள சீனத் தவுக்கேகள், படியேறும் பெண்ணை 'லெங்லூய்' என்றே வரவேற்பார்கள். கண்டோனீஸில் அழகுப் பெண். கல்லூரி மாணவிக்கும் அதுதான், பல்செட் கட்டிய பாட்டிக்கும் அதுதான்.

நம் பாட்டியல்காரர்கள் கேட்டால் ஓலையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவம் வகுத்து, கடைசிக்காரியை 40 வயதோடு நிறுத்தியவர்கள் அவர்கள். 41இல் அவள் எங்கே போவாள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. (செடி வாங்கப் போகிறாள் என்பது என் துணிபு.) மலேசிய அடையாள அட்டைக்கு இந்த வம்பே இல்லை, கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் பெண், அவ்வளவுதான்.

என் கருதுகோள் இது: லெங்லூய்ப் பருவத்தை வயது தீர்மானிப்பதில்லை, பேரம் தீர்மானிக்கிறது. சான்று, என் அத்தை. அவர் கேட்டது காகிதப்பூச் செடி. போகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பலோட்டியின் பெயரைத் தாங்கிய அதே பூகன்வில்லாதான். ஆக, பிரெஞ்சுத் தொடர்பு அறவே அற்றுப்போகவில்லை. தவுக்கே 18 வெள்ளி சொன்னபோது அத்தை லெங்லூய். 10க்குக் கேட்டதும் 'அக்கா'. தொட்டியைத் தலைகீழாகத் தூக்கி, "வேரு வெளியே வந்திருச்சே, மண்ணு மாத்துற செலவு யாரு தலையில?" என்றபோது 'ஆண்ட்டி'. 12க்குப் படிந்து, நோட்டு கைமாறிய கணத்தில் மறுபடியும் லெங்லூய். கூடவே, உரம் ஒரு பை எடுத்துக்கொள்ளவில்லையா என்ற கேள்வி.

அத்தை இரண்டு பை எடுத்துக்கொண்டு, எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த தவுக்கேயை 'தம்பி' என்று கூப்பிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். ஆண்பாற் பருவங்கள் தனி ஆய்வுக்குரியவை.