கையெழுத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகள்

கேள்வி: அமெரிக்காவில் கட்டடக்கலைப் பொறியியல் பட்டம் பெற்றவரும் உரிமம் வாங்க மேலும் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டுமாமே? படித்தது போதாதா?

பதில்: கணக்குக்குப் போதும், கையெழுத்துக்குப் போதாது. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கநிலைத் தேர்வு, உரிமம் பெற்றவரின்கீழ் சுமார் நான்கு ஆண்டு வேலை, தொழில்முறைப் பொறியாளர் தேர்வு என்று பாதை நீள்கிறது. இது வீண் தாமதம் என்பவர்கள் 1981இல் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்களையும் ஒரே நீண்ட கம்பிகள் தாங்குவதாகத்தான் முதல் திட்டம். வேலை எளிதாகட்டும் என்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலேயே தொங்கியது. மேல் இணைப்பின் சுமை இரட்டிப்பானது. பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலாண்டு மாணவருக்கே தெரிந்த கணக்குதான் இது; மாறிய வரைபடத்துக்கு அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் உரிமம் பெற்றவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை, பின்னர் அதை இழந்தார்கள். வெறும் ஆண்டுக்கணக்கு யாரையும் காப்பாற்றாது, சரிபார்க்கும் பழக்கம் அந்த ஆண்டுகளில் ஊறியிருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை தேடும் மாணவர், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் தன் வரைபடத்தை வரிவரியாகத் திருத்தித்தரும் மூத்த பொறியாளர் அங்கே இருக்கிறாரா என்று விசாரிக்கட்டும்.